பதினான்காவது சான்றிதழ்

என் பெயரைப் போட்டுப் பதினான்கு பொய்ச் சான்றிதழ்கள் வெளியே போயிருப்பதாகத் துறை ஒரு பட்டியல் தயாரித்திருந்தது. 'இவற்றில் எதையும் நான் அனுப்பவில்லை' என்று எழுதிய தாளில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. உட்காரவைத்து டீ கூடக் கொடுப்பார்கள். பதின்மூன்று என்னுடையவை அல்ல என்று எந்த இடத்திலும் அடித்துச் சொல்வேன். பதினான்காவதை அனுப்பியவன் நான்தான். அது போன கட்டடத்தின் லிஃப்டில்தான் ஒரு பெண்ணுக்குக் கால் போனது.

நான் லிஃப்ட் ஆய்வாளன், அரசுத் துறையின் லைசென்ஸ் உள்ளவன். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் வருடத்துக்கு ஒரு முறை போய், மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்கு இரும்பு ஏணியில் ஏறி, கம்பிக் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து 'ஓடலாம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லிஃப்டுக்குள் மாட்டுவார்கள். ஒருத்தரும் படிப்பதில்லை. தலை வாரியது சரியாக இருக்கிறதா என்று அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு நல்ல லிஃப்டாக இருந்தாலும் கடைசி வரியில் ஒரு குறையாவது எழுதாமல் விட்டதில்லை. விசிறி சத்தம் போடுகிறது, நான்காவது மாடிக் கதவு கொஞ்சம் தாமதமாக மூடுகிறது, பொத்தானில் எண் அழிந்துவிட்டது, இப்படி எதையாவது. ஓடுகிற எந்திரத்தில் குறை இல்லை என்று எழுதினால் அதை நான் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராதே என்று என் மனைவி கிண்டல் செய்வாள். செய்யட்டும். எனக்கு அதில் பெருமைதான்.

என் பெயர் திருடு போனது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், ஒருவர் போன் செய்து நன்றி சொன்னார். ஒரு குடியிருப்பின் செயலாளர். வரவே வராமல் சான்றிதழ் அனுப்பிவிட்டீர்களே, ஒரு குறைகூடச் சொல்லவில்லையே, புதுக் கணக்கில் கட்டணத்தையும் போட்டுவிட்டோம், நீங்கள் தங்கமான மனுஷன் என்றார். எந்தச் சான்றிதழ், எந்தக் கணக்கு என்று நான் கத்திய கத்தலில் அடுப்படியில் இருந்த மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவளுடைய தம்பி, என் மச்சினன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனிடம் காட்டினேன். வந்திருந்த இமெயிலில் என் பெயர், என் லைசென்ஸ் எண், என் முத்திரை, என் கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தன. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். வேறு சில கட்டடங்களுக்கு வந்தவற்றில் அந்த வித்தியாசமும் இல்லை, என் முகவரியே அப்படியே நின்றது. அதெப்படி முடியும் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"கவர் மேல அனுப்புநர்னு யார் பேரை வேணும்னாலும் எழுதலாம் இல்ல மாமா? இதுவும் அப்படித்தான்," என்றான்.

கையெழுத்து எங்கே கிடைத்திருக்கும் என்று கேட்டதற்கு அவன் சிரித்துவிட்டான். ஊரில் உள்ள லிஃப்டில் எல்லாம் உங்கள் கையெழுத்துக்குச் சட்டம் போட்டு, விளக்கும் போட்டு வைத்திருக்கிறார்களே, ஒரு போன் இருந்தால் போதாதா என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏணி ஏறி முட்டி தேய்த்துச் சம்பாதித்த பெயர். எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதைக் காசாக்கிக்கொண்டிருந்தான்.

மச்சினன் தன்னால் முடிந்ததைச் செய்தான். நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தையே பாஸ்வேர்டாக வைத்திருந்தேன், அதை மாற்றினான். புது இடத்திலிருந்து யார் என் மெயில் பெட்டியைத் திறக்கப் பார்த்தாலும் என் போனுக்கு வரும் எண்ணைப் போட்டால்தான் திறக்கும்படி செய்தான். துறைக்கும் காவல் நிலையத்துக்கும் புகார் எழுதிக் கொடுத்தான். இதெல்லாம் உங்கள் வீட்டுக்குப் பூட்டு மாமா, உங்கள் வேஷம் போட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவனை இது நிறுத்தாது, அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றான்.

அப்போதுதான் எனக்கு என் வழக்கம் ஞாபகம் வந்தது. திருடனின் சான்றிதழ்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசி வரி 'குறைகள்: ஏதுமில்லை'. வாங்குகிறவர்கள் மனம் குளிர வேண்டும் அல்லவா, குறை எழுத அவனுக்கு எப்படித் தோன்றும்? எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என்னை என்னவென்று அடையாளம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு வழி கிடைத்துவிட்டது.

ஒன்பது நாளில் நாற்பத்து மூன்று கட்டடங்களுக்கு அலைந்தேன். போன இடத்திலெல்லாம் ஒரே பாட்டு. பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கணக்கு மாறிவிட்டது என்று வந்தால் என் போனுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், அந்தக் கடிதத்தில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். கடைசியில் ஒரு குறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அது நான் இல்லை. தொண்டை கட்டிப்போயிற்று. பாதிப் பேர் தலையாட்டிவிட்டு டிவியைப் பார்த்தார்கள்.

சாவியம்மா அப்படி இல்லை. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பாளர் அவர். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும், அதனால் அந்தப் பெயர். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் தனியாக இருந்தார். தண்ணீர்த் தொட்டி, பம்பு, குப்பை, லிஃப்ட், அலுவலகக் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. நான் சொன்னதை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். என் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அடுத்த மெயில் வரும்போது பென்சில் முனையை ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்க்கிறேன் என்றார். பார்த்தும் காட்டினார். அவர் படிப்பு எட்டாவதோடு நின்றது. இவ்வளவு கவனத்தை நான் இன்ஜினீயர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கே அந்தக் கட்டடத்தின் வருட ஆய்வையும் முடித்திருக்க வேண்டும். தேதி வந்துவிட்டது. சாவியம்மா மோட்டார் அறைச் சாவியைக்கூடக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறு கட்டடம் பாக்கி இருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். சாவி உங்களிடமே இருக்கட்டும், நான் இல்லாத நேரத்தில் வந்தாலும் பார்த்துவிடலாம் என்றார். எப்போதும் சொல்வதுபோல, "போயிட்டு வாங்க சார், மெதுவா வாங்க," என்று வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. நான்கு நாள் கழித்து, சாயங்காலம், கால்களை வெந்நீர் பக்கெட்டில் வைத்துக்கொண்டு, போன வருடத்து அறிக்கையைத் திறந்தேன். தேதியை மாற்றினேன். கடைசி வரியில் 'மூன்றாவது மாடிப் பொத்தான் விளக்கு எரியவில்லை' என்று இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டு அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. அந்த லிஃப்ட் எனக்குத் தெரியாததா, அதற்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை, கால் வலிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து, இரண்டாவது மாடியில் கதவு திறந்து சாவியம்மா வாளியோடு வெளியே கால் வைத்தபோது லிஃப்ட் நிற்கவில்லை. பிரேக்கின் லைனிங், அதாவது இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பட்டை, தேய்ந்து போயிருந்தது. லிஃப்ட் பெட்டி, கதவு திறந்தபடியே மேலே நகர்ந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மோட்டார் அறையில் பிரேக்குக்கு அடியில் பட்டை தேய்ந்த கறுப்புத் தூள் ஒரு கை அளவுக்குக் கொட்டிக் கிடந்ததாகத் துறைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏணி ஏறித் தலையை உள்ளே நீட்டியிருந்தாலே கண்ணில் பட்டிருக்கும்.

துறையில் யாரும் என்னைக் கேட்கவே இல்லை. ஏற்கெனவே பதின்மூன்று பொய்ச் சான்றிதழ்கள் இருந்தன. இதைப் பதினான்காவதாகச் சேர்த்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி என் தோளைத் தட்டி, உங்கள் பெயரைத் திருடினவன் ஒரு காலையும் சேர்த்து எடுத்துவிட்டானே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் தாளாமல் குனிகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் இன்னும் மோசம். என் மனைவி தினமும் காலையில் அந்த முகம் தெரியாதவனைச் சபித்தாள். அவன் விளங்கவே மாட்டான், அந்தப் பெண் வயிறெரிஞ்சு விட்ட கண்ணீர் அவனைச் சும்மா விடாது என்பாள். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பாள், கவலையில் நான் இளைத்துவிட்டேனாம். அவள் சாபத்தைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்டேன். வாங்க வேண்டியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மச்சினனுக்குத் தெரிந்துவிட்டது. வாக்குமூலத்தோடு சேர்க்க எல்லா மெயில்களின் உள்விவரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தான். எந்தக் கடிதம் எங்கிருந்து கிளம்பியது என்பது அதில் தெரியுமாம். பதின்மூன்றும் எங்கெங்கிருந்தோ வந்தவை. பதினான்காவதில் அவன் விரல் நின்றது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"இது உங்க பெட்டியிலேர்ந்தே போயிருக்கு மாமா. உங்க வீட்டு லைன்லேர்ந்து."

கடையில் யாரோ சார்ஜர் கேட்டு வந்தார்கள். அவன் எழுந்து போய் விற்றுவிட்டு, சில்லறை கொடுத்துவிட்டு, வந்து உட்கார்ந்தான்.

"பாஸ்வேர்டையும் திருடிட்டான்னு சொல்லிக்கலாம். வீட்டு லைன் விவரத்தை விட்டுட்டு நான் எழுதித் தரேன். அக்காவுக்கு எதுவும் தெரிய வேணாம்," என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அக்காள் வாழ்க்கை என்று அவனுக்கு ஒரு கணக்கு. எனக்கும் அது ஆசையாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். சரி என்றுதான் வீட்டுக்கு வந்தேன். லைசென்ஸ் போய்விட்டால் இந்த வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்? பேரும் போய், வேலையும் போய், ஜெயிலும் வரலாம்.

புதன்கிழமை அந்தக் கட்டடச் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. 'ஆய்வாளர் நேரில் வந்து எச்சரித்த பிறகும், வந்த கடிதம் உண்மையா என்று சரிபார்க்காமல் பராமரிப்பாளர் பொய்ச் சான்றிதழை ஏற்றுக்கொண்டார். எனவே விபத்துக்கு அவரது அலட்சியமே காரணம்.' அதனால் வேலையிலிருந்து நீக்கம், இழப்பீடு கிடையாது, இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். நான் எச்சரித்தது உண்மைதான் என்று கீழே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். என் கையெழுத்துக்கு இவ்வளவு கிராக்கி இதற்கு முன்னால் இருந்ததில்லை.

வியாழன் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டேன், வெறுங்கையோடு போகக்கூடாதே என்று. அங்கே லிஃப்டில் ஏறினால், கண்ணாடிச் சட்டத்துக்குள் என் கையெழுத்து. கடைசி வரியில் 'விசிறி சத்தம் போடுகிறது' என்று இருந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். சத்தம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அதை எழுதிய வருடம் நான் உண்மையிலேயே ஏணி ஏறினேனா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. கதவு மூடுவதற்குள் இறங்கிப் படியில் நடந்தேன்.

சாவியம்மா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. அங்கே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு அங்கேதான் பார்த்தேன். சாவிக்கொத்து மேசைமேல் இருந்தது, இன்னும் யாரும் வந்து வாங்கிப் போகவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம் சார் என்று அவர்தான் முதலில் என்னை விசாரித்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அந்தச் சான்றிதழ். மெயிலோடு அச்செடுத்து வைத்திருந்தார். முகவரியின் ஒவ்வோர் எழுத்துக்குக் கீழேயும் பென்சில் புள்ளி இருந்தது.

"படுத்துக்கிட்டே நூறு தடவை பார்த்துட்டேன் சார். எந்த எழுத்துல ஏமாந்தேன்னு தெரியல. நீங்க காட்டுங்க. இனிமே ஏமாறக்கூடாது."

நான் தாளை வாங்கினேன். அவர் தொடர்ந்து சொன்னார். முகவரி சரியாக இருந்தது. கணக்கு எண் பழையதுதான். கடைசி வரியில் குறையும் இருந்தது. மூன்றாவது மாடி விளக்கு என்று படித்ததும் அவருக்குக் கொஞ்சம் குழப்பம், ஏனென்றால் அதைப் போன வருடமே அவர் கையால் மாற்றியாயிற்று. மறுபடி போய்விட்டதோ என்று மேலே ஏறிப் பார்த்திருக்கிறார். நன்றாக எரிந்தது. சார் மாடியை மாற்றி எழுதிவிட்டார் போல என்று எட்டு மாடிக்கும் ஏறி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாராம். ஐந்தாவது மாடியில் ஒன்று மங்கலாக இருந்ததாம். அதை மாற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"நம்ம விளக்கு விஷயம் வெளியாளுக்குத் தெரியாதே, அதனால நீங்கதான்னு நம்பிட்டேன். அதுதான் என் தப்பா சார்?"

பாஸ்வேர்டு திருடு போன கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பென்சில் புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப் போகவில்லை.

"நீங்க எங்கேயும் ஏமாறலம்மா. இது நான் அனுப்பினதுதான்," என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் தெளிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கணம் அந்த அம்மாள் நிம்மதியாகிவிட்டார்.

"அப்போ நான் பார்த்தது சரிதானே?"

"சரிதான்."

நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கும்? கண்கள் மெதுவாகப் போர்வையின் தட்டையான பக்கத்துக்குப் போயின. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். பிறகு சாவியம்மா என்னைப் பார்த்தார்.

"மேல ஏறவே இல்லையா சார்? சாவியைக் கழட்டிக் குடுத்தேனே."

ஏறவில்லை என்றேன். அப்புறம் என்னென்னவோ சொன்னேன், முட்டி வலி, அலைச்சல், திருடன் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குத் துறையில் உண்மையைச் சொல்கிறேன், உங்கள் மேல் தப்பில்லை என்று சங்கத்துக்கும் எழுதுகிறேன் என்றேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று விட்டுவிட்டேன்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இப்பவே."

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன். இந்தச் சான்றிதழை அனுப்பியது நான், லிஃப்டைப் பார்க்காமல் அனுப்பினேன், பராமரிப்பாளர் எல்லாவற்றையும் சரியாகச் சரிபார்த்தார். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். கடைசிச் சுழி கொஞ்சம் கோணலாகிவிட்டது.

சாவியம்மா தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சிலை எடுத்தார். முன்பக்கம் அச்சில் இருந்த கையெழுத்தையும் பின்பக்கம் நான் அப்போது போட்டதையும் திருப்பித் திருப்பி ஒவ்வோர் எழுத்தாக முனை வைத்துப் பார்த்தார். நான் அவர் கண்ணெதிரேயே போட்ட கையெழுத்து. கோணல் சுழியில் பென்சில் நின்றது. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடி பார்த்தார். பிறகுதான் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

போயிட்டு வரேன்மா என்று எழுந்தேன். பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"போங்க," என்றார்.